வியாழக்கிழமைக் கொடி

டென்மார்க்கின் தெற்குக் கடலில் இருக்கும் அந்தச் சின்னத் தீவில், ‘நொண்டி வாத்து’ என்ற பழைய மதுக்கடையின் வாசல் கம்பத்தில் கட்டியிருந்த கொடி, காற்றின் பேச்சைக் கேட்பதை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. மேற்கிலிருந்து அடித்தாலும் கிழக்கிலிருந்து அடித்தாலும், பனிப்புயல் வந்து துறைமுகத்துப் படகுகளை ஒன்றோடொன்று முட்டவைத்தாலும், அந்தக் கொடி பாதிக் கம்பத்தில் நின்றுகொண்டு வடமேற்குத் திசையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. காற்றே இல்லாத நாளிலும் இஸ்திரி போட்ட துணியாக விறைத்து நீண்டு நின்றது.

அந்த ஊர் வழக்கம் இது: ஊர்க்காரர் ஒருவர் செத்தால் கொடியைப் பாதிக் கம்பத்தில் பறக்கவிட வேண்டும். அடக்கம் முடிந்த கையோடு அதே கொடியை உச்சிக்கு ஏற்றி, போனவர் நல்லபடி போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஊருக்கு அறிவிக்க வேண்டும். பொழுது படுமுன் இறக்கி மடித்துவிட வேண்டும். ஒக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ஓய்வுபெற்ற மீனவரான ஸ்வெண் பத்திரிகையை விரித்தபோது, பன்றியிறைச்சித் தொழிற்சாலைத் தொழிற்சங்கம் போட்ட ஒரு மரண அறிவித்தலைக் கண்டார். கே. தில்லைநாதன், முன்னாள் தொழிலாளி, திடீர் மாரடைப்பு, தகனம் சனிக்கிழமை பதினொரு மணிக்கு. ஸ்வெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு கடைக்காரி கிர்ஸ்டனிடம் பத்திரிகையை நீட்டினார். தில்லைநாதன் இந்த ஊர்க்காரர் அல்ல, பெருநிலத்தில் எங்கோ ஒரு நகரத்திலிருந்து வந்துபோன ஆள். ஆனால் இருபத்தாறு வருடம் ஒரு வியாழக்கிழமை தவறாமல் ஃபெரி ஏறி வந்து, யன்னலோரத்து நாற்காலியில் இருந்து, ஒரேயொரு பியரை நாலு மணித்தியாலம் குடித்துவிட்டுப் போன மனிதரை ஊர்க்காரர் இல்லையென்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. கிர்ஸ்டன் கொடியைப் பாதிக்கு ஏற்றினாள்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு எல்லாரும் கம்பத்தடியில் கூடினார்கள். தமிழரின் சடங்கு நீளமாக இருக்கும் என்று ஸ்வெண் ஒரு மணித்தியாலம் கூடுதலாக விட்டுக்கொடுத்தார். பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்தால் கொடி ஏறவில்லை. ஆறு ஆம்பிளைகள் சேர்ந்து இழுத்தும் ஏறவில்லை. சரி, இறக்கியாவது வைப்போம் என்றால் இறங்கவும் இல்லை.

முதல் கிழமை ஊர் கொஞ்சம் பயந்தது. இருட்டிய பிறகும் பறக்கும் கொடி சாத்தானுக்கு வைக்கும் வணக்கம் என்று அந்தத் தீவில் ஒரு நம்பிக்கை உண்டு, அதனால் கம்பத்தைப் பார்த்த யன்னல்களெல்லாம் பின்னேரமே திரை மூடின. பாதிரியார் வந்து பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும் இடத்தில் இருட்டு இல்லைத்தானே என்று ஒரு வழி சொன்னார். மின்சாரம் பார்க்கிறவர் ஏணி வைத்து ஒரு விளக்கை மாட்டினார், சாத்தான் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. நகரசபை மூன்று கூட்டம் வைத்துப் பேசி, ‘தற்காலிகம்’ என்று எழுதி முடித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வடமேற்கு எது என்று கேட்டால் வரைபடத்தைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார்கள். தை மாதம் வெள்ளி விழாக் கொண்டாடிய ஒரு மனுசி, இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியது பாதிக் கம்பத்துக் கொடிக்குக் கீழே நின்று படமெடுக்கவா என்று சண்டை பிடித்ததால், விருந்தாளிகள் எல்லாரும் தெருவின் மறுபக்கம் நின்று, முகத்தில் வெயில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படமெடுத்தார்கள். மற்றபடி ஊர் பழகிவிட்டது. எந்தக் கொடுமைக்கும் மூன்று கிழமைக்கு மேல் ஆச்சரியப்பட ஊருக்கு ஏது நேரம்?

ஸ்வெண் மட்டும் விடவில்லை. கடல் வரைபடத்தை மேசையில் விரித்து, கொடி காட்டிய திசைக்கு அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறினார். கோடு நீரிணையைத் தாண்டி, பக்கத்துத் தீவைத் தாண்டி, ஒரு பெரிய பியர் வடிசாலையின் நெற்றியில் போய் முட்டியது. கடையில் இருந்தவர்கள் இரண்டு கிழமைக்கு இதையே வைத்துச் சிரித்தார்கள்.

“தில்லே ஒரு பியருக்கு மேல் குடித்ததை உங்களில் யார் கண்டது?” என்று கிர்ஸ்டன் அதட்டினாள். தில்லைநாதன் அவர்கள் வாயில் தில்லே. “கோட்டை இன்னும் இழுங்கள்.”

இன்னும் இழுத்தபோது அது பெருநிலத்தில் ஏறி, தில்லைநாதன் வாழ்ந்த நகரத்தின் நடுவால் போனது. கிர்ஸ்டன் அந்த இடத்தில் விரலை வைத்தாள். “அவர் இன்னும் போகவில்லை. வீட்டிலேதான் இருக்கிறார்,” என்றாள். அன்றைக்கே தொழிற்சங்கத்திடம் விலாசம் கேட்டு வாங்கி, உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினாள்.

அவள் சொன்னது சரிதான். தில்லைநாதன் வீட்டிலேதான் இருந்தார். குசினி அலுமாரியில், அரிசி வாளிக்குப் பக்கத்தில், ஒரு சாம்பல் கலயமாக. கடலில் கரைப்பதற்கு என்று விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த அவருடைய மனைவி இராசமலர், வாங்கி வந்த பிறகு கரைக்க மனம் வராமல், இன்றைக்கு நாளைக்கு என்று ஐந்து மாதத்தைத் தள்ளிவிட்டாள். ஒவ்வொரு நாளும் அரிசி எடுக்கும்போது அலுமாரியைத் திறந்து, “இண்டைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு,” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மூடுவாள். வீட்டில் கதைக்க வேறு ஆள் இல்லை. போனது போதும், இனி ஒருவரையும் விடுவதில்லை என்பதுதான் அவளுடைய முடிவு.

கடிதத்தை அகராதி வைத்து வாசித்தாள். ‘உங்கள் கணவரின் நாற்காலி இங்கே இருக்கிறது. கொடி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தயவுசெய்து ஒரு வியாழக்கிழமை வாருங்கள். கிர்ஸ்டன்.’

கிர்ஸ்டன்! கொடி, நாற்காலி ஒன்றும் அவளுடைய மண்டையில் ஏறவில்லை. கிர்ஸ்டன் என்ற பெயர் மட்டும் மீன்முள்ளு மாதிரித் தொண்டையில் நின்றது. வியாழக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் அந்த மனுசன் இருபத்தாறு வருடம் விடியற்காலையில் காரை எடுத்தார். தூண்டிலில் புழுக் குத்தத் தெரியாத மனுசன் கிழமைக்குக் கிழமை மீனோடு வந்தபோது அவள் ஏன் சந்தேகப்படவில்லை? அதுவும் வெட்டிக் கழுவிய மீன். ஆரம்பத்தில் தலையில்லாமல் வந்தது. “தலையை ஆருக்குக் குடுத்திட்டு வாறியள்?” என்று அவள் ஒருநாள் சத்தம் போட்ட பிறகு தலையோடு வந்தது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

அடுத்த வியாழக்கிழமை அலுமாரியைத் திறந்தாள்.

“இஞ்சாருங்கோ. ஆர் இந்தக் கிர்ஸ்டன்? உங்களையும் முன்னாலை வைச்சுக்கொண்டுதான் கேக்கப் போறன். ரெண்டு பேரும் எனக்கு மறுமொழி சொல்ல வேணும்.”

கலயத்தைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்து, பஸ் ஏறி, ரயில் ஏறி, ஃபெரி ஏறினாள்.

ஃபெரி கரையை நெருங்கும்போது கொடி திரும்பியது. ஐந்து மாதம் வடமேற்கை விட்டு அசையாத கொடி, கப்பல் வந்த வழியைப் பார்த்து மெல்ல மெல்லத் திரும்பியது. அதை முதலில் கண்டவர் பேக்கரிக்காரர். அவர் மாக்கையோடு வெளியே வந்து நிற்க, பக்கத்து வீடு வந்தது, பிறகு தெருவே வந்தது. கறுப்புக் குளிர்ச்சட்டைக்குக் கீழே சேலை தெரிய, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டையான ஒரு மனுசி கல் பாவிய தெருவில் ஏறிவர, அவள் வலப்பக்கம் திரும்பினால் கொடியும் திரும்பியது, அவள் மூச்சு வாங்க நின்றால் கொடியும் நின்றது. ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இராசமலர் கொடியைப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, வழிவிட்டு ஓரமாக நடந்தாள். அவள் கடை வாசலில் வந்து நின்றபோது கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. அதன் நுனி அவளுடைய பைக்கு நேரே இருந்தது.

உள்ளே தாழ்ந்த கூரை, பட்டப்பகலில் மெழுகுதிரி, பழைய புகையிலை மணம். சுவரெல்லாம் மரத்தில் செய்த கப்பல்கள். சூதாட்டத்துக்குக் காய் உருட்டும் தோல் குவளைகளின் சத்தம் அவளைக் கண்டதும் நின்றது. பிறந்த ஊரில் கள்ளுத் தவறணைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத குடும்பத்துப் பெண், நேரே நடுமேசைக்குப் போய், பையைத் திறந்து, துவாயை விரித்து, கலயத்தை மேசையில் வைத்தாள். மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் கேட்டுப் பழகிய டேனிஷில் கேட்டாள்.

“நான் இவருடைய மனைவி. யார் கிர்ஸ்டன்?”

நடக்கத் துணையான தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, முதுகு வளைந்த, எண்பது வயது தாண்டிய ஒரு மனுசி கல்லாவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். இரண்டு காதிலும் கருவி. இராசமலர் வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வாய்க்குள்ளேயே செத்துப்போனது.

“நான்தான். அவருக்குப் பியர் ஊற்றிக் கொடுத்தவள்,” என்றாள் கிர்ஸ்டன்.

“மீனுக்குத் தலை வேண்டும் என்று சண்டை பிடித்தது நீங்கள்தானே?” என்று யன்னலோரத்திலிருந்து ஸ்வெண் கேட்டார். “அன்றிலிருந்து நான் தலையை வெட்டவில்லை.”

அவரைப் பார்க்கத் திரும்பியவள், அவருக்குப் பக்கத்தில் இருந்த வெறும் நாற்காலியைக் கண்டாள். நாற்காலிக்கு மேலே ஆணியில் ஒரு வெள்ளைத் தொப்பி தொங்கியது. இங்கத்தைய பிள்ளைகள் உயர்தரம் முடித்த அன்று போட்டுக்கொண்டு லொறியில் கத்திக்கொண்டு போவார்களே, அந்தத் தொப்பி. தொப்பிக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள், ஒரு படம்.

பருத்தித்துறை ஸ்டூடியோவில் எடுத்த படம். மரக்குதிரையில் ஏறி இருந்துகொண்டு, இறங்கமாட்டேன் என்ற முகத்தோடு ஒரு சின்னப் பையன்.

இராசமலர் கிட்டப் போய்ப் பார்த்தாள். அந்தப் படத்தை அவள் பெட்டியின் அடியில், ஒரு சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாள். அது காணாமல்போய் எத்தனையோ வருடம். வீடு முழுக்கக் களவாகத் தேடினாள், தானே எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று நம்பினாள், கணவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பெயரைச் சொல்ல வேண்டும். மயூரன் என்ற பெயரை இந்த வீட்டில் இனி ஒருவரும் எடுக்கக் கூடாது என்று டென்மார்க்குக்கு வந்த அன்றே சொன்னவள் அவள்தான். அவர் சரி என்று தலையாட்டினார். தலையாட்டியபடியே முப்பத்தைந்து வருடம் இருந்தார்.

ஏன் எடுக்கக் கூடாது என்பதை அவள் அவருக்கும் சொல்லவில்லை. ஊரில் சண்டை நடந்த காலம். நாலு வயதுப் பிள்ளை ஒருநாள் விடிய, புட்டு வேண்டாம் என்று அடம்பிடித்தான். அவளுக்கு அலுப்பு. “பசிச்சா வருவாய், போ,” என்று கோப்பையை இழுத்து எடுத்துவிட்டாள். பிள்ளை வேலிப்பக்கம் போனான். ஷெல் வேலியில் விழுந்தது. வெறும் வயிற்றோடு போனான் என்ற ஒன்றை மட்டும் அவள் யாருக்கும் சொல்லாமல் இத்தனை காலம் தன் வயிற்றில் வைத்திருந்தாள்.

“இந்தத் தொப்பி யாருடையது?” என்று கேட்டாள்.

கடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மயூரனுடையது,” என்றார் ஸ்வெண்.

வேற்று மனிதர் ஒருவரின் வாயிலிருந்து அந்தப் பெயர் சுத்தமாக, முழுதாக வந்து விழுந்தது. அவள் கணவரின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்வெண் மெதுவாகச் சொன்னார். தொழிற்சாலைக்காரர் பஸ்ஸில் சுற்றுலா வந்த கோடையில் தில்லே முதன்முதலாக இங்கே நுழைந்தார். அந்தக் கிழமை ஸ்வெண்ணின் மகனுக்குத் தேவாலயத்தில் பதினாலு வயதுச் சடங்கு. எல்லாரும் அதையே கதைத்துக்கொண்டிருக்க, உனக்குப் பிள்ளை இருக்கிறதா என்று ஸ்வெண் பேச்சுவாக்கில் கேட்டார். ஒரு மகன், அவனுக்கும் பதினாலு, என்றார் தில்லே. அடுத்த வியாழக்கிழமை வந்தார். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டோம். கணக்கில் கெட்டிக்காரன், டேனிஷில் கொஞ்சம் மட்டம், என்றார். அதற்கடுத்த வியாழனும் வந்தார்.

“இரண்டாவது வருடம் நான் படம் கேட்டேன்,” என்றாள் கிர்ஸ்டன். “இதைக் கொண்டுவந்தார். பதினாறு வயதுப் பையனுக்கு இந்தப் படம். நாங்கள் பார்த்தோம். சட்டம் போட்டு மாட்டினேன். எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வியாழக்கிழமை வந்தால், மயூரன் எப்படி இருக்கிறான் என்று கேட்காமல் எப்படி இருப்பது?”

இராசமலருக்குக் கோபம் வந்தது. கலயத்தைப் பார்த்துத் தமிழில் கத்தினாள்.

“எனக்குச் சொல்லாமல் என்ரை பிள்ளையை வளத்தனீங்களோ? நான் அவனை நாலு வயசிலையே வைச்சுக்கொண்டு அந்த வீட்டிலை தனியக் கிடந்து செத்தன். நீங்கள் இஞ்சை வந்து அவனுக்குத் தொப்பி வாங்கிப் போட்டனீங்கள், என்ன?”

யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. கிர்ஸ்டன் ஒரு காதுக் கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். கத்தி முடித்த பிறகு இராசமலர் மேசையில் முகத்தைக் கவிழ்த்து அழுதாள். நானல்லோ வாயைப் பூட்டினது, என்று அழுதாள். அவர் துக்கத்தை வைக்க இடமில்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறார், அந்தக் கடலுக்கு இந்தப் பக்கம் அவரைத் துரத்தியது நான்தான் என்று அழுதாள். ஸ்வெண் தன் பெரிய கைக்குட்டையை அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

வெகுநேரத்துக்குப் பிறகு நிமிர்ந்து, மூக்கைச் சிந்தினாள்.

“சொல்லுங்கள்,” என்றாள் டேனிஷில். “என்ன படித்தான்?”

கப்பல் இயந்திரம் படித்தான் என்றார்கள். நோர்வேக் கப்பலில் ஆறு வருடம் வேலை செய்தான். ஓடென்சே நகரத்துப் பெண் ஒருத்தியை விரும்பினான், அவள் விட்டுவிட்டுப் போய்விட்டாள், அவள் உருப்படமாட்டாள் என்றாள் கிர்ஸ்டன் உண்மையான கோபத்தோடு. ஒவ்வொரு வருடமும் ஆனி மாதம் பன்னிரண்டாம் தேதி இந்த மேசையில் சின்னக் கொடி வைத்துப் பிறந்தநாள் கொண்டாடினோம் என்றார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் தாய்போல இராசமலர் நாற்காலி நுனியில் இருந்து கேட்டாள். நடுவில் கேள்வியும் கேட்டாள். குளிருக்கு ஒழுங்காக உடுப்புப் போடுவானா? சிகரெட் குடிப்பானா? அவர்கள் ஒருவரையொருவர் திருத்தித் திருத்திப் பதில் சொன்னார்கள்.

மூன்று மணிக்கு அவள் எழுந்து கலயத்தைத் தூக்கினாள். “படகு யாரிடம் இருக்கிறது?” என்று மட்டும் கேட்டாள். ஸ்வெண் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

கரை சின்னதாகத் தெரியும் தூரத்தில் அவர் இயந்திரத்தை நிறுத்தினார். பங்குனிக் குளிர் முகத்தில் அறைந்தது. அவள் மூடியைத் திறந்து, கலயத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்வெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ,” என்றாள். “நீங்கள் போங்கோ. அங்கை அவன் தனிய. இஞ்சை உள்ளதை நான் பாத்துக்கொள்ளுறன்.”

கவிழ்த்தாள். தண்ணீர் கொஞ்சநேரம் சாம்பல் நிறமாக இருந்தது, பிறகு தண்ணீராகவே இருந்தது.

கம்பத்தடியில் கிர்ஸ்டன் தனியாக நின்றாள். ஐந்து மாதம் அசையாத கயிறு அவளுடைய கைக்குள்ளால் தானாக ஓடியது. கொடி உச்சிக்கு ஏறி, ஒரு உதறு உதறி, மேற்குக் காற்றுக்குப் பணிந்து, எந்த ஊர்க் கொடியும் பறப்பதுபோலக் கிழக்கே பறந்தது. படகில் ஸ்வெண் தொப்பியைக் கழற்றினார். இராசமலர் அப்போதுதான் அந்தக் கொடியை முதல்முறையாகப் பார்த்தாள்.

அவர்கள் கரைக்கு வந்து கொஞ்சநேரத்தில் வெயில் சாய்ந்தது. கொடியை இறக்கி, நிலத்தில் படாமல் நாலு பேராக மடித்தார்கள். மின்சாரக்காரர் விளக்கை அணைத்தார். பிறகு எல்லாரும் உள்ளே போய், அடக்கம் முடிந்தால் குடிக்கும் பியரைக் குடித்தார்கள். இராசமலருக்கும் ஒன்று வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இந்தக் கசப்பைத்தான் நாலு மணித்தியாலம் குடித்தாரோ என்று நினைத்துக் குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஸ்வெண் காய் உருட்டும் குவளையை உருட்டாமல் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்துக்கொண்டிருந்தார். எதையோ கேட்க வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தார்.

“அது வந்து…” என்று கடைசியில் தொடங்கினார். “எங்கள் ஃபெரியில் இயந்திரக்காரர் வேலை ஒன்றுக்கு மயூரன் விண்ணப்பம் போட்டிருந்தான். திங்கட்கிழமை நேர்முகம் என்று தில்லே சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை.”

கிர்ஸ்டன் அவரை முழங்கையால் இடித்தாள். ஆனால் அவளும் இராசமலரின் முகத்தைத்தான் பார்த்தாள். கடையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். அந்தக் கிழடுகளின் கண்ணில் வேடிக்கை இல்லை. ஒரு பிள்ளையைப் பற்றி ஐந்து மாதம் ஒன்றும் தெரியாமல் கிடந்தவர்களின் கவலைதான் இருந்தது.

இராசமலர் மரக்குதிரையில் இருந்த பையனைப் பார்த்தாள். வெளியே கடைசி ஃபெரி புறப்பட ஊதியது.

“கிடைத்தது,” என்றாள். “மயூரனுக்கு வேலை கிடைத்துவிட்டது.”

ஸ்வெண் மேசையில் ஓங்கித் தட்டினார். “எனக்குத் தெரியும்! எப்போது தொடங்குகிறான்?”

அவள் டேனிஷில்தான் சொல்லத் தொடங்கினாள். எந்த இடத்தில் தமிழுக்கு மாறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, அவர்களும் தடுக்கவில்லை.

“இண்டைக்குத்தான் முதல் நாள். விடியவே எழும்பிட்டான். நான் புட்டு அவிச்சுக் குடுத்தனான். வேண்டாமெண்டு சொல்லேல்லை. எனக்குப் பக்கத்திலை இருந்து, வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுத்தான் போனவன்.”